படகு போனால் இரண்டு, வந்தால் ஒன்று

புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எந்த வாரம் எந்தப் பரிசோதனை, எந்த எடைக்கு எத்தனை மில்லி என்பதையெல்லாம் அட்டை போட்டு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பழவேற்காடு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. என்னை எச்.ஐ.வி. களப்பணியாளராக எடுத்தபோது பல பேர் சிரித்தார்கள். பதினாறு வருடம் பார்த்துவிட்டு நான் ஓய்வு பெற்றபோது அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

என்னிடம் இருந்தது ஏரி. எந்தத் தீவுக்கு எந்த நேரத்தில் படகு போகும், எந்த ஊரில் எந்த வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற எல்லா வீட்டுக்கும் போவேன், நோய் இல்லாத வீட்டில் கூடுதலாகவே உட்கார்ந்து பேசுவேன். அப்போதுதான் யாருக்காக அந்த ஊருக்கு வந்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை எந்த அட்டையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று ஊர் இன்னும் நினைக்கிறது. அப்படி இல்லை. தாய் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து சிரப் கொடுத்து, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்காமல் காத்தால், பெரும்பாலான பிள்ளைகள் தப்பித்து ஓடிவிடும். என் ஏரியில் அப்படித் தப்பித்த பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டால் யாரென்று தெரியாமல் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது போதும்.

ஆனால் மருந்து பச்சைத் தண்ணீர் இல்லை. கருவிலேயே நோயும் மருந்தும் பட்டு வளர்ந்த பிள்ளை சில சமயம் எடை குறைவாகப் பிறக்கும். சிலதுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். சிரப் சில பிள்ளைகளுக்கு ரத்தத்தைக் குறைத்துவிடும். அதற்காக நிறுத்தவும் கூடாது, அதைக் கண்டும் காணாமலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் உங்கள் வேலை. அந்த நடுவில் நான் ஒரு முறை சரியாக நிற்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தேசம்மா என்று ஒரு பெண். முகத்துவாரத்துக்குப் பக்கத்துத் தீவு ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். தலைச்சன் பிள்ளை. எட்டாம் மாதத்தில்தான் அவளுக்கு நோய் இருப்பது தெரிந்தது. புருஷன் சேகருக்கும் பரிசோதனை செய்தார்கள், அவனுக்கும் இருந்தது. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே பிரசவம் ஆகிவிட்டதால், பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்று ஒரு சிரப்புக்குப் பதில் இரண்டு சிரப் கொடுத்தார்கள். ஒன்று நாளுக்கு ஒரு வேளை. இன்னொன்று நாளுக்கு இரண்டு வேளை. பெயர் வாயில் நுழையாததால் நான் ஒருவேளை மருந்து, இருவேளை மருந்து என்றே சொல்வேன். ரத்தத்தைக் குறைக்கக் கூடியது அந்த இருவேளை மருந்து.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் இருந்தார். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் திருப்பிச் சொல்லச் சொல்வார். ஊசி இல்லாத சிரிஞ்சில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு தேசம்மாவிடம் கொடுத்தார். "காலையில ஆறு மணி, சாயந்தரம் ஆறு மணி. திருப்பிச் சொல்லு" என்றார். தேசம்மா சொன்னாள். பிள்ளை இரண்டேகால் கிலோ. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

ஊருக்கு வந்ததும்தான் சிக்கல். மாமியார் எல்லம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியக் கூடாது என்று தேசம்மாவும் சேகரும் முடிவு செய்திருந்தார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் வீடு ஒரே அறை. எல்லம்மாவின் கண் பிள்ளையை விட்டு நகராது.

"யக்கா, அத்த இருக்கசொல்ல நான் எப்டி பாட்டில எடுப்பேன்? இன்னா மருந்து, எதுக்கு மருந்துன்னு ஆயிரம் கேக்கும்" என்றாள் தேசம்மா.

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சேகரின் படகு கிளம்பும்போது எல்லம்மா ஐஸ் பெட்டியும் சோற்றுத் தூக்கும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறாள். படகு வரும்போது இறால் பிரிக்க மறுபடி கரைக்குப் போகிறாள். அந்த இரண்டு நேரமும் வீடு காலி.

"கடியாரத்த வுடு" என்றேன். "படகு போச்சுன்னா ரெண்டு பாட்டில்லயும் குடு. படகு வந்துச்சுன்னா இருவேள மருந்து மட்டும் குடு. போனா ரெண்டு, வந்தா ஒண்ணு. அவ்ளோதான்."

தேசம்மாவின் முகத்தில் இருந்த பயம் அப்படியே இறங்கியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். படித்தவர்களுக்கு இது தோன்றுமா என்று படகில் வரும்போது சிரித்துக்கொண்டேன்.

நான் ஆரம்பாக்கம் பக்கத்துக் கரை. எங்கள் கரையில் படகு விடிந்தால் போகும், பொழுது சாய்ந்தால் வரும். முகத்துவாரத்து ஊர்களில் அப்படி இல்லை. அங்கே பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்னார்தான் அந்தக் கால்வாயில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருப்பார்கள். தன் பாடு வந்தால் ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறும்போது ஒரு நடை, இறங்கும்போது ஒரு நடை என்று இரண்டு தடவை போய் வருவார்கள். பாடு இல்லாத நாளில் படகு கரையில் கிடக்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் கரைப் படகுதான் என் கண்ணில் ஓடியது.

மூன்றாவது வாரம் போனேன். இருவேளை மருந்துப் பாட்டில் காலி. இன்னும் பல நாள் வர வேண்டியது.

"தீந்துபோச்சுக்கா" என்றாள் தேசம்மா, என்னைப் பார்க்காமல்.

"சிந்திட்டியா?"

அவள் தலையாட்டினாள்.

பாருங்கள், கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான். அவளுக்குத் தலையாட்டுகிற வேலை மட்டும் கொடுத்தேன். சிந்தியது என்று சொன்னால் அவளை ஆஸ்பத்திரியில் திட்டுவார்களே என்று பாவமாக இருந்தது. பொன்னேரிக்குப் போய் மருந்து கொடுக்கிறவரிடம், "என் கையிலேர்ந்துதான் வுழுந்து ஒடஞ்சிச்சு சார்" என்றேன். அவர் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு புதுப் பாட்டில் கொடுத்தார். பொய் சொன்ன உறுத்தல் கூட எனக்கு இல்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றிய பெருமைதான் இருந்தது.

ஆறாவது வாரம் பிள்ளைக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, காகிதத்தில் சொட்டு விட்டு அனுப்ப வேண்டும். அதற்கு அழைத்துப்போகத்தான் அன்று தீவுக்குப் போனேன். மார்கழி மாதம், காலை நேரம். வாசலிலேயே எல்லம்மா பிடித்துக்கொண்டாள்.

"வாமே முனிமா! நீயே வந்து பாரு இந்த அநியாயத்த. ரெண்டு நாளா புள்ள பாலே குடிக்கல. எழுப்புனா ஒரு தபா சப்புறான், தூங்கிடறான். கண்ணு பட்டுச்சு, மந்திரிச்சிக்கினு வரலாம்னா ஒம் மருமவ காதுலயே போட்டுக்கல."

"எம் மருமவளா, ஒம் மருமவளா?"

"நல்லது செஞ்சா எம் மருமவ. இப்ப ஒம் மருமவ."

பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். பிள்ளையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளங்கால் உப்புப் பூத்தது போல வெளுத்திருந்தது. உதட்டில் சிவப்பே இல்லை, பச்சை இறாலின் தோல் போல இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், அதுவும் வெள்ளை. மூச்சு வேகமாக ஓடியது.

எல்லம்மா தண்ணீர் எடுக்கப் போன சமயத்தில் தேசம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து இரண்டு பாட்டிலையும் எடுத்தாள். 

"இதாங்க்கா எம்புள்ள ரத்தத்த குடிக்கிது. எனக்குத் தெரிஞ்சிபோச்சு. இத ஏரியில வுட்டெறியப் போறேன். நோவு வந்தா வரட்டும், புள்ள உசுரோட இருக்கட்டும்."

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மருந்தால்தான் வெளுத்திருக்கலாம். ஆனால் மருந்தை எறிந்தால் எந்த நோய்க்குப் பயந்தோமோ அதற்குக் கதவைத் திறந்துவிட்டது போல. "ஒன்றும் ஆகாது, கொடு" என்று நான் சொன்னாலும் தப்பு, "சரி நிறுத்து" என்று சொன்னாலும் தப்பு. நமக்குத் தெரியாததை முடிவு செய்கிற உரிமை நமக்கு இல்லை. போனில் சிக்னல் கோடு விழுகிற மேட்டுக்கு ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"மூச்சு எப்படி?"

"வேகமா இருக்குது சிஸ்டர்."

"நீயா எதையும் நிறுத்தாத, நீயா எதையும் குடுக்காத. கெளம்பி வா. பாட்டில் ரெண்டையும் எடுத்துக்கிட்டு வா. முக்கியம்."

சேகர் அப்போதுதான் கரையேறியிருந்தான். வலையைக்கூட இறக்காமல் படகைத் திருப்பினான். எல்லம்மா நானும் வருவேன் என்று முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை அவள் மடியில். நானும் தேசம்மாவும் பின்னால், இன்ஜின் சத்தத்துக்குப் பக்கத்தில்.

"இவ்ளோ வெளுத்திருக்கானே, நீ பாக்கவே இல்லியாடா?" என்று சேகரைக் கேட்டேன்.

"எங்கக்கா பாக்கறது? மொதல்ல புயலு புயலுன்னு மூணு நாளு படகே எறக்கல, அப்போ பாக்கி தூக்கத்தயெல்லாம் சேத்துத் தூங்குனேன். அப்பறம் நம்ம பாடு வந்துச்சு. மொகத்துவாரம் தொறந்துக்கினு இறா அப்டி ஏறுது. ஒரு நாளைக்கி ரெண்டு நட, மூணு நட. சோறே படகுலதான்."

மூன்று நடை.

விரலை மடக்கினேன். மூன்று தடவை போனால் மூன்று, மூன்று தடவை வந்தால் மூன்று. இரண்டு வேளை கொடுக்க வேண்டிய மருந்து ஆறு வேளை. தேசம்மாவின் காதருகே குனிந்தேன்.

"படகு ரெண்டாவதுவாட்டி போனப்போ இன்னா பண்ணே?"

"நீதானக்கா சொன்னே. போனா ரெண்டு, வந்தா ஒண்ணு."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஒவ்வொரு வாட்டியும். ஒருவாட்டி கூட தப்பல" என்றாள். அதில் ஒரு பெருமை இருந்தது.

"படகு போவாத நாளு?"

"அத்த ஊட்டுலயே குந்திக்கினு இருந்துச்சே, எப்டி குடுக்கறது? மறுநா சேத்துக் குடுத்தேன்."

சில நாள் மருந்தே இல்லை, சில நாள் மடங்கு மடங்காக. இரண்டு பக்கமும் ஆபத்து. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு பிள்ளையைப் பற்றியது இல்லை. என் பெயரைப் பற்றியது. முனியம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஆஸ்பத்திரி முழுக்க ஒரு பேச்சு உண்டு. அது இன்றோடு போகும். "அம்மா குழப்பிக்கொண்டாள்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், என் பெயர் இருக்கும். தேசம்மாவை நாலு திட்டு திட்டுவார்கள். தாய்மார்களைத் திட்டுவது ஆஸ்பத்திரியில் புதிதா? பழவேற்காட்டுக் கரையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பொன்னேரி போகும் வரைக்கும் இந்த நினைப்பு என்னோடுதான் வந்தது.

சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் எல்லம்மாவைச் சீட்டு வாங்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களை உள்ளே அழைத்தார். டாக்டர் சின்ன வயது. பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார், ரத்த அளவைப் பார்த்தார், முகம் மாறியது.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. பட்டணத்துக்கு அனுப்பி ரத்தம் ஏத்தணும், உடனே. மருந்து எத்தனை வேளை குடுத்தீங்க?"

தேசம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"ரெண்டு வேளைன்னு சொன்னாங்களா, இல்லையா? படிக்கத்தான் தெரியாது, கேக்கவுமா தெரியாது? பச்சைப் புள்ளம்மா இது!"

தேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் புடவையில் சொட்டியது. என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரியும், நான் சொன்னதால்தான் என்று. அவள் பிள்ளை அங்கே மூச்சு வாங்குகிறது, அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

"அவமேல தப்பு இல்ல டாக்டர்" என்றேன். "சிஸ்டர் சரியாத்தான் சொன்னாங்க. அத மாத்திச் சொன்னது நானு." படகுக் கதையை முழுதும் சொன்னேன்.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது ரெண்டாவது பாட்டில்தானே? மொத பாட்டில் ஒடைஞ்சதுன்னு நோட்டுல இருக்கே."

"ஒடையல சிஸ்டர். தீந்துபோச்சு. நான் பொய் சொன்னேன்."

"அப்போ மூணாவது வாரத்துக்கு முன்னாலேர்ந்தே அதிகமா போயிருக்கு" என்றார் டாக்டரிடம். என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலிப் பாட்டிலைப் பற்றி அன்றைக்கே நான் உண்மை சொல்லியிருந்தால், இந்தப் பிள்ளைக்கு இன்று ரத்தம் தேவைப்பட்டிருக்காது.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பிள்ளையைத் தூக்கப் போனார்கள். சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரு நிமிஷம். ஆறாவது வார ரத்தத்தை இப்பவே எடுத்துடணும். ஊரான் ரத்தம் உள்ள போனப்புறம் எடுத்தா எதை நம்பறது?"

பிள்ளை துவண்டு கிடக்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சிஸ்டர் மட்டும் குதிகாலைச் சூடு பிறக்கத் தேய்த்து, ஒரே குத்தில், காகிதத்தில் வட்டம் வட்டமாகச் சொட்டு நிரப்பினார். முடித்துவிட்டுத்தான் அனுப்பினார். இருபது வருடம் நின்றால்தான் இந்த நிதானம் வரும். வந்தால் உங்கள் பாக்கியம்.

பட்டணத்தில் ரத்தம் ஏற்றினார்கள். இருவேளை மருந்தை நிறுத்தி, ஒருவேளை மருந்தை விடாமல் தொடரச் சொன்னார்கள். இரண்டாம் நாள் பிள்ளை அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்துவிட்டார்கள் என்று சேகர் போனில் சொன்னான். எனக்கு அப்போதுதான் சோறு இறங்கியது.

மறுநாள் காலை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மருந்து நோட்டை எடுத்து, "உடைந்தது" என்று எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து, பேனாவைக் கையில் கொடுத்தார்.

"அடிச்சுட்டு, நெசத்த எழுது. ஒன் கையால."

"எனக்குக் கையெழுத்து மட்டும்தான் சிஸ்டர் நல்லா வரும்."

"நேரம் இருக்கு. எழுது."

'பாட்டில் உடையவில்லை. தீர்ந்தது. நான் பொய் சொன்னேன். முனியம்மா.' இதை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு எழுத்துத் தப்பாக விழுந்தபோது சிஸ்டர் தன் கையால் திருத்தவில்லை. மறுபடி எழுத வைத்தார். முடித்ததும் நோட்டை மூடி, "வேலைக்குப் போ" என்றார். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் எந்தத் தாயிடமும் "மருந்து குடுக்கறியா?" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு ஆம் என்ற ஒரே பதில்தான் வரும். "குடுத்துக் காட்டு" என்பேன். "நேத்து எப்போ எப்போ குடுத்தே, ஒண்ணொண்ணா சொல்லு" என்பேன். பாட்டில் சீக்கிரம் தீர்ந்தாலும் தீராமல் மிஞ்சினாலும் அது பேசுகிறது, அதன் வாயை நீங்கள் மூடாதீர்கள். இன்னொன்று. ஒரு வீட்டுக்கு ஒரு வழி சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். முடிந்தால் ஒரு வாரத்தில் இரண்டு வேறு நாள்.

தேசம்மாவின் வீட்டில் மருந்து நேரத்தைச் சரி செய்தது நான் இல்லை, தேசம்மாவேதான். பட்டணத்திலிருந்து திரும்பி வந்த அன்று மாமியாரிடம் பாட்டிலை நேராக நீட்டினாளாம். "புள்ளைக்கு ரத்தம் கொறஞ்சிடுச்சுன்னு டாக்டர் குடுத்த மருந்து அத்த. காலையில ஆறு மணிக்கு, சிவப்புக் கோடு மட்டும். வேற எதுவும் வாயில வெக்கக் கூடாது, பாலு மட்டும்தான்." அவ்வளவுதான். மறைத்து வைத்த பாட்டில் அரிசிப் பானையிலிருந்து சாமி படத்துக்குக் கீழே வந்துவிட்டது. எல்லம்மா ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே சிரிஞ்சோடு உட்கார்ந்துகொள்வாள். உரை மருந்து கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியை, "டாக்டர் சொல்லிக்கிறாரு, போமே அந்தாண்ட" என்று விரட்டினாள். பாதி உண்மை என்றாலும் அது தேசம்மாவின் உண்மை. எவ்வளவு சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் பிள்ளைக்கு நோய் இல்லை என்று வந்தது. ஆனால் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதோடு முடியாது. ஆறாம் மாதம் பார்த்தோம், பிறகும் பார்த்தோம். பதினெட்டாம் மாதம் பார்ப்பதுதான் கடைசிச் சொல். அந்த நாள் வரை நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். மருந்து விட்டுப்போன அந்த நாட்களெல்லாம் என் கணக்கில்தான் இருந்தன.

பிள்ளை சின்னதாகத்தான் வளர்ந்தான். நடக்கவும் நேரம் எடுத்துக்கொண்டான். ஒரு நாள் சேகர் கரையில் என்னை நிறுத்தினான்.

"யக்கா, நெசமா சொல்லு. எம்புள்ள இப்டி பொடிசா இருக்கறது நோவாலயா, மருந்தாலயா, அன்னிக்கி ஆனதாலயா?"

"தெரியாதுடா" என்றேன். "தேசம்மாவும் ஒல்லி, நீயும் ஒல்லி. டாக்டர கேட்டேன், அவருக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல. எடை ஏறிக்கினு இருக்குது, அது மட்டும் தெரியும். மாசாமாசம் தராசுல வெப்போம்."

அவன் கோபப்படவில்லை. தெரியாது என்று ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் சொல்லி அவன் அப்போதுதான் கேட்கிறான் போல. அடுத்த மாதத்திலிருந்து எடை போட அவனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பதினெட்டாம் மாதம் நால்வரும் வந்தார்கள். நம்பிக்கை மையம் என்று போர்டு மாட்டிய எச்.ஐ.வி. பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் எல்லம்மா பிள்ளைக்கு பன்னைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்தபோது அவன் சிஸ்டரின் விரலைக் கடித்துவிட்டான் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு பல்லுதான் இருக்குது, அதுக்கே சிஸ்டரு கத்திட்டாங்க."

உள்ளே போன தேசம்மாவும் சேகரும் வெளியே வந்தார்கள். 

"இன்னாமே சொல்றாங்க?" என்று எல்லம்மா என்னைக் கேட்டாள்.

"சொல்ல வேண்டியவ அவ. அவளக் கேளு."

தேசம்மா சேகரைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"புள்ளைக்கி ஒண்ணும் இல்ல அத்த. இனிமே அவனுக்கு மருந்தே வேணாம்" என்றாள். பிறகு, "எங்க ரெண்டு பேருக்கும்தான் இருக்குது. ஆயுசுக்கும் மாத்தர சாப்புடணும். இன்னா நோவுன்னா..."

"அந்த போர்டு எதுக்கு மாட்டிக்கிறாங்கன்னு எனுக்குத் தெரியாதா? வரசொல்லல்லாம் இந்த பெஞ்சிலதானே குந்திக்கினு இருக்குறேன்" என்றாள் எல்லம்மா.

பிள்ளை பன்னுக்காக வாயைத் திறந்தபடி காத்திருந்தான். எல்லம்மா மிச்சத் துண்டை அவன் வாயில் வைத்துவிட்டு, கையிலிருந்த தூளைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் எத்தினி மணிக்கு சாப்புடணும்?"

"ராத்திரி ஒம்போது மணிக்கு அத்த."

"ஒம்போது" என்று ஒரு முறை திருப்பிச் சொன்னாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழவேற்காடு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.